ஒரு பெட்டி, ஒரு பிள்ளை: கடல் கடந்த தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சிங்கப்பூர், துபாய், லண்டன், டொரண்டோ, சிட்னி, நியூ ஜெர்சி என்று எங்கெங்கோ இருந்துகொண்டு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுகிறீர்கள். கூடுகிற இடத்தில், உலகத்தில் எங்கோ கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்காக ஓர் உண்டியலும் வைக்கிறீர்கள். அந்த உண்டியலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் உங்களில் ஒரு சங்கத்தின் செயலாளர் எனக்குப் போன் செய்தார். ஆப்பிரிக்காவில் பட்டினியில் வாடும் குழந்தைகளுக்கு ஒரு கண்டெய்னர் அனுப்ப முடிவு செய்திருக்கிறோம், பால்மாவு, துணிமணி, பொம்மை, பிஸ்கட் எல்லாம் சேர்ந்துவிட்டது, நீங்கள் அந்தப் பக்கம் வேலை பார்த்தவராமே, எந்தத் துறைமுகத்துக்கு அனுப்பலாம் என்று கேட்டார். குரலில் அவ்வளவு அக்கறை. சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குப் பேசுகிறேன் சார் என்று வைத்துவிட்டேன். மறுநாள் பேசினேன். பேசியதைக் கொஞ்சம் விரிவாக உங்கள் எல்லோருக்குமே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. நிவாரணப் பணிகளில் பதினைந்து வருஷம் கிடங்கு பார்த்தவன். எது வந்தது, எது போனது, எது மழையில் நனைந்தது, எது எலிக்குப் போனது, எது காலாவதியாகிக் குழியில் புதைந்தது என்று கணக்கெழுதியவன். பிள்ளைகளுக்கு எது உண்மையில் போய்ச் சேருகிறது, எது போய்ச் சேருவதில்லை என்பதை ஒரு கிடங்குக்காரன் பார்க்கிற மாதிரி வேறு யாரும் பார்க்க முடியாது என்பது என் எண்ணம்.

இந்த வேலைக்கு நான் வந்ததே நாகப்பட்டினத்தால்தான். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். திருவாரூரிலிருந்து நாங்கள் நண்பர்கள் நான்கைந்து பேர் பஸ் ஏறினோம். பிணம் தூக்கும் தைரியம் எனக்கு இல்லை என்று முதல் நாளே தெரிந்துபோனது. ஒரு கல்யாண மண்டபத்தில் வந்து குவிந்த துணியைப் பிரிக்கச் சொன்னார்கள்.

அந்தக் குவியல் மண்டபத்தின் மேடை உயரம் இருந்தது. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. நல்ல துணி இல்லாமல் இல்லை. ஆனால் கம்பளிக் கோட்டு, ஒற்றைச் செருப்பு, குதிகால் உயர்ந்த ஷூ, கிழிந்த உள்பாவாடை, ஜிகினா வைத்த ரவிக்கை, இவைதான் கைக்கு அதிகம் அகப்பட்டன. சாயங்காலம் அக்கரைப்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். குவியலைப் பார்த்தார், குனியவே இல்லை. "எங்களுக்குக் கட்டிக்கத் துணி இல்லாமப் போகல தம்பி, வீடுதான் போயிருச்சு" என்றார். ஒரு ஸ்டவ், ரெண்டு பாத்திரம், பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கிடைக்குமா என்று கேட்டார். எங்களிடம் மூன்றுமே இல்லை. அந்த வாரம் நாகையின் சாலையோரங்களில் எல்லாம் பழந்துணி மலை மலையாகக் கிடந்தது. அதை அள்ளி அப்புறப்படுத்தவே தனியாக ஆளும் லாரியும் தேவைப்பட்டன.

கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் பீரோவைத் திறந்து, மடித்து, பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்த மனசு பெரிது. அந்த மனசு அந்த அம்மாவின் கைக்கு ஒரு ஸ்டவ்வாகப் போய்ச் சேர வழி இல்லாமல் போனதுதான் எனக்கு இருபது வருஷமாக உறுத்துகிறது.

அப்புறம் இதே வேலையே தொழிலாகிப் பல நாடுகள் போனேன். 2012-லும் 2013-லும் நைஜர் நாட்டில் மாரடி என்ற ஊரில் இருந்தேன். சஹாராவுக்குத் தெற்கே, நைஜீரியா எல்லையை ஒட்டிய ஊர். அங்கே பிரதான உணவு என்ன தெரியுமா? நம்ம கம்புதான். கம்பை இடித்து உருண்டை பிடித்துப் பாலிலோ மோரிலோ கரைத்துக் குடிப்பார்கள். முதல் தடவை கொடுத்தபோது என் பாட்டியின் கம்பங்கூழ் நினைவுதான் வந்தது. அறுவடை வருஷத்துக்கு ஒன்றுதான், செப்டம்பர் அக்டோபரில். நம் குதிர் மாதிரியே மண்ணால் கட்டிய குதிரில் கொட்டி வைப்பார்கள். ஜூன் வரும்போது குதிர் காலியாகிவிடும். ஜூனிலிருந்து அடுத்த அறுவடை வரை பசிக்காலம். அதே மாதங்களில்தான் மழை, மழையோடு கொசு, கொசுவோடு மலேரியா. பசியும் காய்ச்சலும் ஒரே பிள்ளையின் மேல் ஒரே சமயத்தில் ஏறும்.

என் கிடங்கில் இருந்தது பெரும்பாலும் ஒரே சரக்கு. அட்டைப் பெட்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ பதினான்கு கிலோ. உள்ளே 150 பாக்கெட். ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. நிலக்கடலையை மையாக அரைத்து, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், அதோடு வைட்டமினும் தாது உப்புகளும் சேர்த்த பசை. ருசி கிட்டத்தட்ட நம்ம கடலை உருண்டையை எண்ணெய் விட்டு அரைத்த மாதிரி இருக்கும். 1996-இல் ஆந்த்ரே பிரியான் என்ற பிரெஞ்சு குழந்தை மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுத் தொழில்நுட்ப வல்லுநரும் சேர்ந்து உருவாக்கியது. பிளம்பிநட் என்ற பெயரில் முதலில் வந்தது. இன்று நைஜரின் தலைநகர் நியாமேயிலேயே இதைச் செய்கிற ஆலை உண்டு, இந்தியாவிலும் உண்டு.

இதில் என்ன அப்படிப் பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பழைய நர்ஸ் ஒருவர் சொல்லித்தான் புரிந்தது. மெலிந்து எலும்பாகிப் போன பிள்ளைக்கு அதற்கு முன்பு கொடுத்தது விசேஷப் பால். அதைச் சுத்தமான தண்ணீரில் அளந்து கலக்க வேண்டும், கலந்ததை வைத்திருக்க முடியாது, கெட்டுவிடும். ஆகவே ஆஸ்பத்திரியில் மட்டும்தான் கொடுக்க முடியும். ஒரு தாய் மூன்று நான்கு வாரம் அங்கேயே கிடக்க வேண்டும். வீட்டில் மற்ற நான்கு பிள்ளைகளை யார் பார்ப்பது? விதைக்கிற நேரத்தில் நிலத்தை யார் பார்ப்பது? பல தாய்மார்கள் பாதியிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கட்டில் இருப்பதோ ஐம்பது அறுபது. வெளியே ஆயிரக்கணக்கான பிள்ளைகள்.

இந்தக் கடலைப் பசைக்குத் தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், ஐஸ் பெட்டி வேண்டாம். மூலையைக் கிழித்து அப்படியே பிள்ளையின் வாயில் கொடுக்கலாம். ஆகவே நோய் முற்றாத பிள்ளை வீட்டிலேயே இருந்து தேறலாம். தாய் வாரம் ஒரு நாள் வந்து அந்த வாரத்துக்கான பாக்கெட்டை வாங்கிப் போனால் போதும். 2005-இல் நைஜரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் (எம்.எஸ்.எஃப்.) அமைப்பு இந்த முறையில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. பெரும்பாலானோர் வீட்டிலேயே இருந்து தேறினார்கள். 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக உணவுத் திட்டமும் இதுவே இனி வழி என்று சேர்ந்து அறிவித்தன.

ஒரு பிள்ளை தேற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நாளுக்கு இரண்டு மூன்று பாக்கெட். ஆர்டர் போடும்போது ஒரு பிள்ளைக்கு 150 என்று கணக்கு வைப்போம். அதாவது ஒரு பெட்டி. கிடங்கில் நாங்கள் பேசிக்கொள்வதே அப்படித்தான்: "இந்த லாரியில் எத்தனை பிள்ளை ஏற்றியிருக்கு?"

விநியோக நாளில் லாரியோடு நானும் போவேன். வேப்ப மரத்தடியில் பாய் விரித்திருக்கும். ஆம், வேம்பு அங்கேயும் உண்டு, நம் பக்கத்திலிருந்து போனதுதான். காலை ஏழு மணிக்கெல்லாம் தாய்மார்கள் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நர்ஸ் கையில் ஒரு காகித நாடா இருக்கும். அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். பிள்ளையின் மேற்கையில் சுற்றி இழுத்துப் பார்ப்பார். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு. என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்தால் வருகிற வட்டத்துக்குள் அந்தக் கை போய், சுற்றிலும் இடம் மிச்சமிருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே அளவுதான்.

ஒரு நாள் வந்த ஒரு பெண் பிள்ளையை மறக்க முடியவில்லை. ஒன்றரை வயது என்று தாய் சொன்னார். பார்த்தால் ஆறு மாதக் குழந்தை மாதிரி இருந்தது. முகம் மட்டும் கிழவி முகம். அழவில்லை. இந்த வேலையில் எங்களைப் பயமுறுத்துவது அழாத பிள்ளைதான். நாடா சிவப்பில் நின்றது. சிவப்பு வந்தால் உடனே பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட மாட்டார்கள். எல்லோர் முன்னாலும் ஒரு பாக்கெட்டைக் கொடுத்துப் பிள்ளை சாப்பிடுகிறதா என்று பார்ப்பார்கள். சாப்பிட்டால் வீட்டுக்கு. சாப்பிடாவிட்டால் உள்ளே வேறு நோய் இருக்கிறது என்று அர்த்தம், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

தாய் பாக்கெட்டை இரண்டு கைக்குள் வைத்துப் பிசைந்தார். எண்ணெய் மேலே மிதக்கும், பிசைந்தால்தான் கலக்கும். மூலையைக் கிழித்து உதட்டில் வைத்தார். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. மறுபடியும் திருப்பியது. நான் பெட்டி எண்ணுகிற வேலையை விட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். தாய் தன் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துப் பிள்ளையின் மேலண்ணத்தில் தடவினார். பிள்ளையின் நாக்கு வெளியே வந்தது, உதட்டை நக்கியது. அப்புறம் பாக்கெட்டை அதுவே இரண்டு கையாலும் பிடித்தது. நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் அட்டையில் டிக் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். வரிசையில் இன்னும் எழுபது எண்பது பேர் இருந்தார்கள்.

ஏழாவது வாரம் அந்தப் பிள்ளை என் சாவிக் கொத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்று கத்தியது. நல்ல சத்தம்.

சரி, இதற்கும் உங்கள் உண்டியலுக்கும் என்ன சம்பந்தம் என்று வருகிறேன்.

அந்தப் பெட்டி ஜூனில் மாரடிக்கு வர வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆர்டர் போட்டிருக்க வேண்டும். நான் இருந்த காலத்தில் அது வெளிநாட்டு ஆலையில் தயாராகி, கப்பலேறி, பெனின் நாட்டின் கோட்டோனூ துறைமுகத்தில் இறங்கி, சுங்கத்தைத் தாண்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வர வேண்டியிருந்தது. நைஜருக்குக் கடல் கிடையாது. மழை பிடித்துவிட்டால் கிராமத்துச் சாலை அறுந்துவிடும். ஆகவே பணம் ஜனவரியில் கையில் இருக்க வேண்டும். ஜனவரியில் அங்கே பட்டினிப் படம் எதுவும் கிடையாது. குதிரில் கம்பு இருக்கும். சந்தையில் கூட்டம் இருக்கும். டிவியில் காட்ட ஒன்றும் இருக்காது.

2005-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெட்டுக்கிளியும் மழைக்குறைவும் சேர்ந்து பயிரை அழித்தன. அப்போதே எச்சரிக்கை வந்துவிட்டது. 2005 மே மாதம் ஐ.நா. உதவி கேட்டது. வாரக்கணக்கில் கிட்டத்தட்ட யாரும் கொடுக்கவில்லை. ஜூலையில் செத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் படம் தொலைக்காட்சியில் வந்தது, பணம் கொட்டியது. ஐ.நா.வின் அவசர நிவாரண ஒருங்கிணைப்பாளராக இருந்த யான் எகலாந்து அப்போது சொன்ன கணக்கு இது: முதலிலேயே கொடுத்திருந்தால் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒரு டாலரில் முடிந்திருக்கும், இப்போது ஒரு பிள்ளையைக் காப்பாற்ற எண்பது டாலர் ஆகிறது. அந்த வித்தியாசத்தைப் பணமாக மட்டும் பார்க்காதீர்கள். ஜூலைக்கும் பெட்டி வந்து சேர்ந்த நாளுக்கும் நடுவில் போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

இனி கண்டெய்னர் விஷயம். துணியையும் பொம்மையையும் விடுங்கள், அதனால் பிள்ளைக்குப் பெரிய கெடுதல் இல்லை, கப்பல் வாடகைதான் நஷ்டம். பால்மாவும் பால்புட்டியும் அப்படி இல்லை. தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பூகம்பம் வந்தது. உலகமெங்கும் இருந்து நல்ல மனசோடு குழந்தைப் பால்மாவு வந்து குவிந்தது. பின்னால் ஆராய்ந்து பார்த்தார்கள். பால்மாவு வாங்கிய வீட்டுக் குழந்தைகளில் 25.4 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு வாரத்தில் வயிற்றுப்போக்கு. வாங்காத வீட்டுக் குழந்தைகளில் 11.5 சதவீதம். சுத்தமான தண்ணீர் இல்லை, புட்டியைக் கொதிக்க வைக்க விறகு இல்லை. அதோடு பால்மாவு வந்ததும் தாய்ப்பால் குறைகிறது. டின் தீர்ந்ததும் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. செயலாளர் சாரிடம் இதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நாங்க நல்லதுன்னுதானே சார் வாங்கினோம்" என்றார். நல்லதென்றுதான் வாங்கினார்கள். எனக்கும் தெரியும்.

அனாதை இல்லம் கட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் இல்லங்களில் இருந்த பிள்ளைகளை விசாரித்தால், மிகப் பெரும்பாலானவர்களைக் குடும்பமே படிப்புக்காகக் கொண்டுவந்து விட்டிருந்தது. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் ஏறியது. உள்ளே இருந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். கட்டடத்தின் மேல் சங்கத்தின் பெயர் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தைத் தாயின் கையில் கொடுத்தால் பிள்ளை தாயோடு இருக்கும்.

இப்போது இதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், பெரிய கைகள் மூடிக்கொண்டு வருகின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த உதவியைக் கொடுத்துவந்த யு.எஸ்.எய்டு என்ற அமைப்பே இல்லை. அதுவரை உலகத்திலேயே மிகப் பெரிய கொடையாளி அமெரிக்காதான். பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்துவிட்டது. ஜெர்மனியும் பிரான்சும்கூடக் குறைத்திருக்கின்றன. துபாயில் ஒரு கிடங்கில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த சத்து பிஸ்கட் ஏறத்தாழ 500 டன், எடுத்து அனுப்ப உத்தரவு போட ஆள் இல்லாமல் அதே ஜூலையில் காலாவதியாகி அழிவுக்குப் போனது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் காலாவதியாகப் போவது முதலில் வெளியே போக வேண்டும், எந்தக் கிடங்குக்காரனுக்கும் இதுதான் பால பாடம். அங்கேயும் ஒருவர் அட்டையில் தேதியை எழுதி வைத்துக்கொண்டு, நாளை எண்ணிக்கொண்டு, மேலே எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இத்தனைக்கும் இந்த உதவி பலன் தராமல் போனது என்று யாரும் சொல்ல முடியாது. 1990-இல் உலகத்தில் ஐந்து வயது நிறையாமல் இறந்த பிள்ளைகள் 1 கோடியே 28 லட்சம். 2023-இல் 48 லட்சம். தடுப்பூசி, கொசுவலை, உப்புச் சர்க்கரைக் கரைசல், இந்தக் கடலைப் பசை, இவற்றைப் போன்ற சாதாரண விஷயங்கள் அதில் பெரும் பங்கு வகித்தன. உப்புச் சர்க்கரைக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் எல்லையோரம் இருந்த போங்காவ் அகதி முகாமில் காலரா. ஏற்ற சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகாலநாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. ஒரு முகாமில், வேறு வழியில்லாத நேரத்தில் நிரூபணமான மருந்து, இன்று நம் எல்லார் வீட்டிலும் பொட்டலமாக இருக்கிறது.

2024 கணக்குப்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்து போன பிள்ளைகள் 4 கோடியே 28 லட்சம். அவர்களில் மிகக் கடுமையாக மெலிந்தவர்கள் மட்டும் 1 கோடியே 22 லட்சம். பெட்டி தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே வழியில்லை, நைஜருக்கு ஏன் என்று ஒருவராவது கூட்டத்தில் எழுந்து கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்வி. தமிழ்நாட்டிலும் மெலிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இங்கே அங்கன்வாடி இருக்கிறது, சத்துமாவு இருக்கிறது, சத்துணவு இருக்கிறது. குறை இருந்தால் போய்ச் சத்தம் போட ஓர் அலுவலகம் இருக்கிறது. மாரடியில் அந்த வேப்ப மரத்தடியை விட்டால் வேறு இடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அம்மா அறுபதுகளில் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட கோதுமை உப்புமாவைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். காமராசர் காலத்து மதிய உணவுக்குக் கேர் என்ற தொண்டு அமைப்பு மூலமாக அமெரிக்காவிலிருந்து கோதுமையும் பால்பவுடரும் வந்தன. காய்ச்சிக் கொடுக்க ஆயா இருந்தார், வாங்கிக் குடித்தவர்கள் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள். அது சரியாக நடந்த உதவி. சங்கத்தில் அறுபது, எழுபது தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தப் பால் வாசம் அவர்களுக்கும் ஞாபகம் இருக்கும். அனுப்பியவர்கள் யார் என்று என் அம்மாவுக்குத் தெரியாது. அனுப்பியவர்களுக்கு என் அம்மாவைத் தெரியாது.

என்ன செய்யலாம் என்று செயலாளர் சார் கேட்டார். அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். பொருளாக வேண்டாம், பணமாகக் கொடுங்கள். பேரிடர் வரும்போது மொத்தமாகக் கொடுப்பதைவிட மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுங்கள். 200 குடும்பம் உள்ள சங்கம், குடும்பத்துக்கு மாதம் ஐந்து டாலர் என்றால் வருஷத்துக்கு 12,000 டாலர். ஒரு பெட்டி நாற்பதிலிருந்து ஐம்பது டாலருக்குள். ஐம்பது என்றே வைத்தாலும் 240 பெட்டி. யுனிசெஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள், சேவ் தி சில்ட்ரன் என்று இந்த வேலையை வருஷக் கணக்கில் செய்கிற அமைப்புகளுக்கு உங்கள் நாட்டிலேயே அலுவலகம் இருக்கும். அவர்களை விழாவுக்கு அழைத்துக் கேள்வி கேளுங்கள், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டிக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும், நிர்வாகத்துக்கு ஒரு பைசா போகக் கூடாது என்று நிபந்தனை போடாதீர்கள். பெட்டியின் விலைக்கு மேல் நாடா பிடிக்கிற நர்ஸுக்குச் சம்பளம் வேண்டும், லாரிக்கு டீசல் வேண்டும், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்து வேண்டும். எல்லாம் சேர்ந்தால் பெட்டி விலைபோல இரண்டு மூன்று மடங்கு ஆகும். நூற்றுக்கு எத்தனை ரூபாய் நிர்வாகச் செலவு என்று எல்லோரும் கேட்பார்கள். பதினைந்து வருஷம் அந்த நிர்வாகச் செலவு நான்தான். கூரை ஒழுகாமல் பார்த்ததும், எலி வராமல் மேடை போட்டதும், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் பெட்டியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கியதும், ஒரு பாக்கெட்கூடச் சந்தைக்குப் போகாமல் இரவில் எண்ணியதும் அந்தச் செலவில்தான்.

வாக்குரிமை உள்ள நாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம். உதவியைக் குறைத்ததற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒரே ஒரு வரி கேட்டால் போதும். நம் விழாக்களுக்குப் பொன்னாடை போர்த்திக்கொள்ள வருகிறார்கள் அல்லவா, அப்போது நேரிலேயும் கேட்கலாம்.

கண்டெய்னரில் சேர்த்த பால்மாவை என்ன செய்வது என்று செயலாளர் சார் கடைசியில் கேட்டார். அந்த ஊரிலேயே வசதி இல்லாத குடும்பங்களுக்கு உணவு கொடுக்கிற இடம் இருக்கும், சுத்தமான தண்ணீரும் அடுப்பும் உள்ள ஊர், அங்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். துணியை விற்றுப் பணமாக்குவதாகச் சொன்னார். கப்பலுக்கு ஒதுக்கிய தொகை அப்படியே இருக்கிறது, அதை என்ன செய்வது என்று பொங்கல் கூட்டத்தில் முடிவு செய்வார்களாம்.

உங்கள் சங்கங்களிலும் பொங்கல் விழா ஜனவரியில்தான் வரும். மாரடிக்குப் பெட்டி ஆர்டர் போடுகிற மாதமும் அதுதான்.

ஊருக்கு வரும்போது திருவாரூர்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். அந்தக் கை நாடா ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. கொண்டுவந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு பழைய கிடங்குப் பொறுப்பாளர்
திருவாரூர்